அடுத்த கடையில் கேளுங்க

ஆலம்பேரியில் ஒரு கடைத்தெரு இருந்தது. எந்த ஊரில்தான் கடைத்தெரு கிடையாது, இதைச் சொல்ல ஒரு கதை வேணுமாக்கும் என்று கேட்பீர்கள். மற்ற ஊர்க் கடைத்தெருக்கள் போட்ட இடத்தில் கிடக்கும். ஆலம்பேரிக் கடைத்தெரு ஒரு சித்திரை மாசத்தில் எழுந்து நடக்க ஆரம்பித்தது, அது நடந்ததற்குக் காரணம் கைத்தடிக்கு அடியில் மாட்டுகிற ஒரு ரப்பர் புஷ், நெல்லிக்காய் அளவுகூட இருக்காது.

அந்தப் புஷ் கொண்டல்சாமியின் கைத்தடியில் இருந்தது. கொண்டல்சாமி ஆயுசு முழுக்க ரேஷன் கடையில் எடை போட்டு ரிட்டயர் ஆனவர், பொய் சொல்லத் தெரியாதவர், அதைவிட முக்கியம், பூசி மெழுகத் தெரியாதவர். சீனி இருக்கா என்று கேட்டால் "இல்லை" என்பார், பாமாயில் என்றால் "இல்லை", துவரம் பருப்பாவது என்று இழுத்தால் அதற்கும் "இல்லை", அவ்வளவுதான், அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சொல் வராது, முகத்தில் ஈ ஆடாது. ஊரே அவரை முதுகுக்குப் பின்னால் இல்லைச்சாமி என்று கூப்பிட்டது, சிலபேர் முகத்துக்கு நேராகவும் கூப்பிட்டார்கள், அவர் அதற்கும் திரும்பிப் பார்த்தார். ரிட்டயர் ஆன மறுவருஷமே பக்கவாதம் வந்து, கையை விட்டுவிட்டு, வாயையும் போனால் போகுதென்று விட்டுவிட்டு, இடது காலை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் பிடித்த கைத்தடியோடு தினமும் சாயங்காலம் காசிலிங்கம் டீக்கடைக்குப் போவார், பேப்பர் படித்தவர்களோடு ஒரு சண்டை, படிக்காதவர்களோடு ஒரு சண்டை போட்டுவிட்டு, விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் வீடு திரும்புவார்.

அந்த நேரம்தான் அவர் பெண்டாட்டி வேலுத்தாய் மூச்சு விடுகிற நேரம். காலை நீட்டி உட்காருவாள், தலையை அவிழ்த்துவிட்டு ஈரு எடுப்பாள், டிவியில் ஒருத்தி இன்னொருத்தியைப் பாயசத்தில் விஷம் வைத்துக் கொல்லப் பார்க்கிற நாடகத்தை யாரும் "இதெல்லாம் ஒரு கதையா" என்று சொல்லாமல் நிம்மதியாகப் பார்ப்பாள். அப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் பங்குனிக் கடைசியில் வந்தது வினை. தேய்ந்து தேய்ந்து நைந்துபோயிருந்த புஷ் ரெண்டாகப் பிளந்து விழுந்தது, ஓசூரில் வேலை பார்க்கிற மகன் ஆசையாசையாகப் போட்டுக்கொடுத்த வழுவழு டைல்ஸ் தரையில் வெறுந்தடி சர்ரென்று வழுக்கியது, கொண்டல்சாமி வாசலுக்கு நாலடி முன்னால் பொத்தென்று விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் எழுந்து உட்கார்ந்தவர் அதற்கப்புறம் வாசல் பக்கமே திரும்பவில்லை, பின்கட்டில் சுவரோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார், அங்கே இருந்தபடியே வீட்டை மேய்க்க ஆரம்பித்தார்.

"குழம்புல புளி தூக்கலா இருக்கு."

"சரிங்க."

"அந்தக் கடுகு டப்பா மூடி சரியா மூடல பாரு."

"மூடுறேங்க."

"தண்ணித் தொட்டியில சத்தம் கேக்குது. குழாயைத் திறந்து போட்டுட்டு டிவியா?"

வேலுத்தாய் ரெண்டு நாள் பொறுத்தாள். மூணாம் நாள் முந்தானையை இழுத்துச் செருகினாள், உடைந்த புஷ்ஷை ஒரு காகிதத்தில் பொதிந்தாள், "இந்தா வந்துர்றேன், ஒரு எட்டுல வாங்கிட்டு வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஒரு எட்டு என்றுதான் சொன்னாள், பாவம்.

முதல் கடையில் புத்தம்புதுக் கைத்தடி ஒன்றை எடுத்து வைத்தார்கள். "புஷ்ஷு தனியா எதுக்குக்கா? தடியோட எடுத்துக்கங்க, அடியில அதுபாட்டுக்கு வரும்."

"தடி எங்கிட்ட இருக்கு தம்பி."

"ரெண்டாவதா இருக்கட்டுமே."

"ரெண்டு தடியை வச்சு அவரு என்ன கோலாட்டமா ஆடப் போறாரு?"

அடுத்த கடையில் நாற்காலிக் காலுக்கு மாட்டுகிற புஷ் இருந்தது, நாலாக எடுத்தால்தான் தருவோம் என்றார்கள், நாலாக எடுத்தாலும் அதற்குள் தடி நுழையாது என்று தெரிந்தது. மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு இருக்கா என்று கேட்டார்கள். ரப்பருக்கு எதுக்கய்யா சீட்டு என்றால், கேட்டு வைப்பது வழக்கம் என்றார்கள். முன்னே குடை ரிப்பேர் பார்த்த கடையில் இப்போது செல்போன் உறை தொங்கியது, அதற்கு முன்னே பம்பு சாமான் விற்ற கடையிலும் செல்போன் உறைதான் தொங்கியது, பூப்போட்ட உறை, புலி போட்ட உறை, ஜிகினா உறை, இத்தனை உறை செய்கிறவனுக்கு ஒரு புஷ் செய்ய ரப்பர் மிஞ்சவில்லையா என்று வேலுத்தாய்க்கு வயிறு எரிந்தது. ஒவ்வொரு கடையிலும் கடைசியில் ஒரே பேச்சு. "அடுத்த கடையில கேட்டுப் பாருங்க."

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஆலம்பேரியில் கடையில் உட்கார்ந்தவன் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வரக்கூடாது. வந்தால் லட்சுமி எழுந்து போய்விடுவாள். வீட்டில்கூட அரிசி தீர்ந்தால் "நிறைஞ்சு போச்சு" என்றுதான் சொல்வார்கள், அப்படியிருக்கக் கடையில் கேட்கவா வேணும், "நாளைக்கு வரும்" என்பார்கள், "இப்பத்தான் கடைசி ஒண்ணு போச்சு" என்பார்கள், எதுவும் வாயில் வராவிட்டால் அடுத்த கடையைக் கை காட்டுவார்கள். ரேஷன் கடை அரசாங்கத்துக் கடை, லட்சுமி அங்கே வந்ததே கிடையாது, அதனால்தான் கொண்டல்சாமிக்கு அந்தச் சலுகை.

தெருவின் கடைசிக் கடை தவசிக்கனி அண்ணாச்சியின் இரும்புக் கடை. அதற்கப்புறம் கருவேல முள்ளும் வெயிலும்தான். வேலுத்தாய் அங்கே போய்ச் சேரும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தவசிக்கனி அண்ணாச்சி புஷ்ஷை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஊதி, உருட்டி, "அருமையான சாமான்" என்று பாராட்டிவிட்டு, ஆயுசுப் பழக்கத்தில் சொல்லிவிட்டார்.

"அடுத்த கடையில கேட்டுப் பாருங்க தாயி."

வேலுத்தாய் வெளியே வந்தாள். கருவேல முள் நின்ற இடத்தில் ஒரு கடை இருந்தது. நீல ஷட்டர் முக்கால்வாசி தூக்கியிருந்தது, வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது, உள்ளே ஊதுபத்தி புகைந்தது, அரைக்கைச் சட்டை போட்ட ஒரு அண்ணாச்சி காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு கல்லாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்கம்மா, என்ன வேணும்?" வேலுத்தாய்க்கு ஆச்சரியமெல்லாம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, இப்படி ஒரு கடை இருப்பதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் இவ்வளவு நேரம் அலைந்திருக்க வேண்டாமே என்றுதான் நினைத்தாள். புது அண்ணாச்சி ஏணியைப் போட்டு ஏறினார், மேல்தட்டுப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார், தும்மினார், இறங்கினார். "போன வாரம்கூட இந்தக் கையாலதான் ஒருத்தருக்கு எடுத்துக் குடுத்தேன்" என்றார், அவர் கடை பிறந்தே கால் மணி நேரம் ஆகாதபோது. பிறகு உள்ளபடியே வருத்தப்பட்டு, "எதுக்கும் அடுத்த கடையில கேளுங்கம்மா" என்றார். வேலுத்தாய் எட்டிப் பார்த்தாள். அடுத்த கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தது.

எப்படி வந்தது என்று ஆலம்பேரியில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கடைக்காரர் ஒரு வாக்குச் சொன்னார், வாக்கு பொய்க்கக் கூடாதென்று கடை வந்தது, இதிலென்ன இருக்கிறது. ஊருக்குக் கவலை வேறாக இருந்தது. தவசிக்கனி அண்ணாச்சி, தெருக்கோடியில் தனிக்காட்டு ராஜாவாக இருந்த தன் கடை இப்போது நடுவில் மாட்டிக்கொண்டதே, நம்ம வாய் சும்மா கிடந்ததா என்று தலையில் அடித்துக்கொண்டார். வியாபாரிகள் சங்கம் கூடி, யாரும் கட்டாத கடைக்காரர்களைச் சங்கத்தில் சேர்க்கலாமா என்று அடிதடி வரைக்கும் போய், கோயில் கொடைக்கு வரி கொடுப்பார்களா என்று ஒருத்தர் கேட்டு, அவர்கள் தாராளமாகக் கொடுப்போம் என்றதும் சேர்த்துக்கொண்டது. நகராட்சி ஆள் வந்து சிவப்பு மையில் கதவு எண் எழுதிவிட்டுப் போனார், மறுநாள் வந்து பார்த்து, மை பத்தாது என்று திரும்பிப் போய் ஒரு வாளியோடு வந்தார். புது அண்ணாச்சிகளுக்குச் சொந்த ஊர் எது என்று அவர்களுக்கே தெரியவில்லை, ஆனால் மத்தியானம் ஆனதும் எங்கிருந்தோ ஒவ்வொருத்தருக்கும் ஒரு தூக்குச்சட்டி வந்துவிட்டது, அதில் ரசமும் இருந்தது. கல்யாணத் தரகர்கள் ஷட்டர் தூக்கிய நேரத்தை வைத்து நட்சத்திரம் கணித்து, ரெண்டு பேருக்கு நல்ல இடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள்.

வேலுத்தாய் மட்டுமா தேடினாள்? வெளியில் சொல்லாமல் ஊரில் ஆளுக்கொரு சாமானைத் தேடிக்கொண்டுதான் இருந்தார்கள். மேலத்தெரு ஜெபமணி டீச்சர் மிக்சி ஜார் மூடியை ஒரு வருஷமாகத் தேடினாள், தேங்காய்ச் சட்னி அரைக்கும்போதெல்லாம் உள்ளங்கையால் பொத்திப் பிடித்து, பள்ளிக்கூடத்துக்குக் காதோரம் சட்னியோடு போனவள். ஒருத்தர் குடைக்கு ஒரே ஒரு கம்பி தேடினார். ஒரு தாயும் மகளும் உண்மையிலேயே பேன் வருகிற பேன் சீப்பு தேடினார்கள். பூ, பறவை, பழமொழி எதுவும் அச்சடிக்காத ஒரு வெள்ளைக் கைக்குட்டை வேண்டும் என்று ஒரு மாப்பிள்ளைப் பையன் கண் கலங்கினான். தெரு நீளுகிறது என்று கேள்விப்பட்டதும் இவர்களெல்லாம் கிளம்பி வந்தார்கள், காலையில் புளிசாதம் கட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பாட்டில் எடுத்துக்கொண்டு, வேலுத்தாய் முன்னே போக அவள் பின்னால் கடை கடையாக நடந்தார்கள், ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொருத்தரும் கேட்டார்கள், ஒவ்வொரு அண்ணாச்சியும் ஏணி போட்டு ஏறி இறங்கி, தும்மி, வருத்தப்பட்டு, அடுத்த கடையைக் கை காட்டினார். ஷேர் ஆட்டோ மாடக்கண்ணு, "தெருக்கோடி, தெருக்கோடி" என்று கூவி ஆள் ஏற்றினான், ஏற்றின ஆட்கள் இறங்குவதற்குள் கோடி தள்ளிப் போய்விட்டது என்று சண்டை பிடித்தார்கள். நீர்மோர்ப் பந்தல் போட்டார்கள், மைக் செட் கட்டினார்கள். நடக்கிறவர்களுக்கு ஒரு கொடிகூடத் தைத்துக் கொடுத்தார்கள், அதைக் கட்டக் கம்பு தேடித் தனியாக ரெண்டு பேர் போனார்கள்.

தெரு கருவேலங்காட்டைத் தாண்டிப் பெரிய கண்மாய்க் கரை வரைக்கும் போனது. தண்ணீரில் கடை போட முடியாது என்று தெருவுக்கே தெரிந்திருக்கும்போல, கரையோரமாகத் திரும்பியது. பருத்திக் காட்டு வழியாகப் போய் ரயில்வே கேட்டில் முட்டி, அது திறக்கிற வழியைக் காணாமல் அங்கேயும் திரும்பியது. வேலுத்தாய் அதன் கூடவே திரும்பினாள். வீடு வந்து சேர நாளுக்கு நாள் நேரமானது.

வந்ததும் கொண்டல்சாமி கேட்பார். "கிடைச்சுதா?"

"நாளைக்குக் கிடைச்சிரும்ங்க. இன்னும் ஒரு கடை இருக்காம்."

அவருக்கு அப்படிச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். பக்கவாதம் வந்த புதிதில் பார்த்த டாக்டர் "போகப் போகச் சரியாயிரும்" என்றார். போகப் போகச் சரியாகாமல் போனபோது இன்னொரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார், அவர் எண்ணெய் எழுதிக் கொடுத்து இன்னொருத்தரைக் கை காட்டினார். வேலுத்தாய் அந்தக் காலை மடியில் போட்டு எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம், "அடுத்த மாசம் ஓடுவீங்க பாருங்க, நான் பிடிக்க முடியாது" என்பாள். அவர் தன் காலைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார்.

முதலில் தினமும் கேட்டவர், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்டார். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார். கடுகு டப்பா திறந்து கிடந்தது, ஒரு சொல் கிடையாது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது, கண் அசையவில்லை. ஒருநாள் அலைந்த அலைச்சலில் வேலுத்தாய் குழம்புக்கு உப்பே போடாமல் இறக்கிவிட்டாள், அவர் அதைப் பிசைந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு, தட்டிலேயே கை கழுவிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். பிறகு தன் தட்டில் வாய் வைத்த வேலுத்தாய்க்கு நெஞ்சு திக்கென்றது. உப்புச் சப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டுவிட்டு இந்த மனுஷன் பேசாமல் இருக்கிறார் என்றால் இவருக்குள்ளே என்னவோ அணைந்துகொண்டு வருகிறது. ஐயோ, வாயைத் திறந்து ஒரு திட்டுத் திட்டமாட்டாரா என்று ஏங்கினாள், கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் இப்படி ஒரு ஏக்கம் ஏங்கினதே கிடையாது. அந்தப் புஷ் கிடைத்தால் எழுந்துவிடுவார், எழுந்தால் டீக்கடைக்குப் போவார், போனால் சண்டை போடுவார், அது போதும் என்று குலசாமியை வேண்டிக்கொண்டு, மறுநாள் விடிந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அன்றைக்குத் தெரு முள்ளுக்குள் புகுந்து வளைந்தது. வேலுத்தாய்க்குப் பார்த்த இடம் மாதிரியே இருந்தது, அந்த வேப்பமரம், அந்தத் துவைக்கிற கல், அந்தக் கொடியில் காய்கிற பச்சைச் சேலை. யார் வீட்டுச் சேலையோ நம்ம சேலை மாதிரியே இருக்கே என்று நினைத்தபடி கடைக்குள் போய்ப் புஷ்ஷைக் காட்டினாள். அந்த அண்ணாச்சியும் ஏணியில் ஏறினார், இறங்கினார், தும்மினார்.

"அடுத்த கடையில கேட்டுப் பாருங்கம்மா."

வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். அடுத்திருந்தது அவள் வீட்டுப் பின்சுவர். ஊரைச் சுற்றிக்கொண்டு வந்த தெரு, அவள் கிளம்பிப் போன வீட்டின் முதுகில் வந்து முட்டியிருந்தது. முட்டி நின்றதோடு விட்டதா, அண்ணாச்சி வாக்கு பொய்க்கக் கூடாதே, சுவர் கடகடவென்று ஷட்டராக மேலே ஏறியது, உள்ளே ஒரு கல்லா வந்தது, பிள்ளையார் காலண்டர் வந்தது, தட்டுத் தட்டாக மரப்பலகை வந்தது, பலகையில் வைக்கச் சாமான் மட்டும் வரவில்லை. கல்லாவுக்குப் பின்னால், எப்போதும் போட்டிருக்கிற அதே நாற்காலியில், வெளிச்சம் கண்ணில் பட்டுக் கூசக் கூச, கொண்டல்சாமி உட்கார்ந்திருந்தார்.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பின்னால் ஜெபமணி டீச்சர், மாடக்கண்ணு, குடைக்காரர், கொடி பிடித்தவர்கள் எல்லாம் வந்து நின்றுவிட்டார்கள். வேலுத்தாய்க்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இத்தனை நாள் கடை வாசலில் நின்று கேட்ட பழக்கம், காகிதத்தைப் பிரித்துக் கல்லாமேல் வைத்தாள்.

"இந்தப் புஷ்ஷு இருக்கா?"

கொண்டல்சாமி குனிந்து பார்த்தார். தன்னுடைய புஷ்தான், தெரிந்தது. தலையைத் தூக்கினார். ரேஷன் கடையில் எத்தனையோ வருஷம் சொன்ன அதே குரலில், முன்னாலும் பின்னாலும் ஒரு சொல் சேர்க்காமல் சொன்னார்.

"இல்லை."

கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது. பக்கத்துக் கடை அண்ணாச்சி ரெண்டு காதையும் பொத்திக்கொண்டார். எல்லாரும் அந்தக் கடைக்கு அப்பால் பார்த்தார்கள். அங்கே வேப்பமரம் வேப்பமரமாக நின்றது. எந்த ஷட்டரும் தூக்கவில்லை, எந்த ஊதுபத்தியும் புகையவில்லை. தெரு அதோடு நின்றுபோனது.

வேலுத்தாய் அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். எப்பா சாமி, சித்திரை போய் வைகாசியும் முடியப்போகிறது, ஒரு மனுஷன் அதை வாய்விட்டுச் சொன்னானா? அவளுக்கு அழுகை வருவதா சிரிப்பு வருவதா என்று தெரியாமல் ரெண்டும் சேர்ந்து வந்தது. ஜெபமணி டீச்சர் அவளைத் தாண்டிப் போய்க் கல்லாவைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, மிக்சி ஜார் மூடி?" என்றாள்.

"இல்லை டீச்சர்."

டீச்சர் கண்ணை மூடி அதைக் கேட்டாள். "இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணே."

"இல்லை."

டீச்சர் நேரே வீட்டுக்குப் போய், ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து மேலே அம்மிக் குழவியை வைத்து அரைத்தாள், சட்னி காதுக்கு வரவில்லை. குடைக்காரர் தன் குடையில் அந்த ஒரு கம்பிக்குப் பதில் தென்னை ஈர்க்கை வைத்துக் கட்டினார், பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் நனையவில்லை. மாப்பிள்ளைப் பையன் கைக்குட்டைக்கு வேட்டியின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டான்.

அதற்கப்புறம் அந்த இடத்துக்கு இல்லைக் கடை என்று பெயர் விழுந்தது. மற்ற அண்ணாச்சிகள், தங்கள் வாயால் சொல்ல வேண்டிய அவசியம் தீர்ந்தது என்று நிம்மதியாகி, ஏணியில் ஏறுவதை விட்டுவிட்டு, "நேரா இல்லைக் கடைக்குப் போயிருங்க" என்று அனுப்பினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். சாமானோடு விட்டார்களா, வேறு சங்கதியும் கேட்க ஆரம்பித்தார்கள். பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டிலிருந்து போன் வருமா என்று ஒரு தகப்பன் கேட்டான். வெளிநாட்டிலிருந்து மகன் இந்தக் கிறிஸ்துமஸுக்காவது வருவானா என்று ஜெபமணி டீச்சர் மறுபடி வந்து கேட்டாள். கொண்டல்சாமி அவள் முகத்தைப் பார்த்தார். "இல்லை டீச்சர். நீங்க கிளம்பி அங்க போங்க" என்றார். டீச்சர் அழுதாள், அழுதுவிட்டுப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கப் போனாள்.

இத்தனைக்கும் நடுவில் கொண்டல்சாமி நாற்காலியை விட்டு எழவில்லை. ஊரே அவரிடம் வந்து போனது, அவர் எங்கேயும் போகவில்லை. எந்தக் குழம்பு வைத்தாலும் ஒரு குறை சொல்லாமல் உள்ளே போனது. வேலுத்தாய் வேண்டுமென்றே ஒருநாள் உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தாள், அதற்கும் அசையவில்லை.

ஒரு மத்தியானம், கூட்டம் குறைந்த நேரம், அவர் கண்ணயரட்டும் என்று உள்ளே கட்டிலுக்கு அனுப்பிவிட்டு வேலுத்தாய் கல்லாவில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் வெளிப்பக்கம் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. பார்த்தால், வெறுந்தடியை ஊன்றி, பக்கச் சந்து வழியாகச் சுவரைப் பிடித்துப் பிடித்து, கொண்டல்சாமி வந்து கல்லாவுக்கு எதிர்ப்பக்கம் நின்றார், வாங்க வந்தவர் நிற்கிற இடத்தில்.

"ஐயையோ, விழுந்து வைக்காதீங்க. என்ன வேணும்?"

"ஒரு சாமான் கேக்கணும்."

"என்னது?"

"என் கால். முன்ன மாதிரி நடக்குமே, அந்தக் கால்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "வருமா வேலு?"

'அடுத்த மாசம்' என்ற சொல் அவள் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. எங்கோ பக்கத்தில் ஒரு ஷட்டர் கடகடத்தது, பக்கத்துக் கடை ஷட்டரா, இனிமேல் வரப்போகிற ஷட்டரா, தெரியவில்லை. வேலுத்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் அவர் அவளிடம் கேட்டதெல்லாம் புஷ்ஷை அல்ல என்று அவளுக்குப் புரிந்தது. கல்லாப் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இல்லைங்க."

சொன்னபிறகு அவளால் பார்க்க முடியவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் இடிந்துபோய் உட்காருவார் என்று காத்திருந்தாள். நீளமாக ஒரு மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டது, தலைச்சுமையை இறக்கி வைத்தவர் விடுகிற மூச்சு.

"அப்பாடா" என்றார் கொண்டல்சாமி. "இதைச் சொல்ல உனக்கு இத்தனை நாளா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"என் காலு எனக்குத் தெரியாதா? எல்லாரும் வரும் வரும்னு சொல்றீக, நானும் நாலு எட்டு வைக்காம அது வரட்டும்னு உக்காந்திருக்கேன். வராதுன்னு யாராச்சும் ஒருத்தர் சொன்னா, இருக்கிறதை வச்சு நடந்துட்டுப் போவேன்ல." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "அழுதது போதும். பழைய சைக்கிள் டியூப் கிடந்துச்சே, அது எங்க?"

டியூபை வெட்டி, தடியின் அடியில் சுற்றி, சணல் கயிற்றால் வேலுத்தாய் இறுக்கிக் கட்டினாள். சாயங்காலம் இன்னொரு கையை அவள் தோளில் போட்டுக்கொண்டு கொண்டல்சாமி கிளம்பினார். வழியில் கட்டு ரெண்டு தரம் அவிழ்ந்தது, ரெண்டு தரமும் அவள் நடுத்தெருவில் குத்தவைத்துத் திட்டிக்கொண்டே கட்டினாள், அண்ணாச்சிகள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். காசிலிங்கம் டீக்கடையில் அவரை உட்கார வைத்துவிட்டு, பின்னாலிருந்து முதல் சண்டைக் குரல் கேட்டபிறகுதான் வேலுத்தாய் வீட்டுக்குத் திரும்பினாள், டிவியைப் போட்டாள், நாடகம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

மாடக்கண்ணு ஆட்டோவில் அவர் வந்து இறங்கினார். கை கழுவி உட்கார்ந்து, பிசைந்து, ஒரு வாய் வைத்தார்.

"என்ன குழம்பு இது? புளி தூக்கலா இருக்கு."

 வேலுத்தாய் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், குரலை மட்டும் வேண்டுமென்றே உயர்த்திக்கொண்டு, "பிடிக்கலைன்னா அடுத்த வீட்டுல போய்ச் சாப்பிடுங்க" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பின்னால் கொண்டல்சாமி சிரிக்க ஆரம்பித்தார், புரையேறப் புரையேறச் சிரித்தார்.